பூனையக்கா வாய் கொப்பளித்த காலை

கிடங்குக் கதவில் சாவிக்கொத்தால் மூன்று தட்டு. "நான் வந்துட்டேன். உள்ள யாராவது இருந்தா மரியாதையா கிளம்பிடுங்க!" பிறகுதான் பூட்டில் சாவி நுழையும். பிஸ்கட் ஆலையின் மாவுக் கிடங்கைக் காக்கும் இந்த அம்மாளுக்குப் பூனையக்கா என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே தன் இடுப்பு நுழைய இடம் வேண்டும் என்பது அவள் சட்டம். "நானே நுழையுற சந்துல ஒளிய எவனுக்குத் தைரியம் வரும்?" என்பாள். இன்னொரு சட்டமும் உண்டு. எலி என்ற சொல்லை அங்கே உச்சரிக்கக் கூடாது. பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம்! 'அவரு' என்றுதான் சொல்ல வேண்டும். புதிய லாரி ஓட்டுநர் ஒருவர் தெரியாமல் சொல்லிவிட, வெளிக்குழாயில் வாய் கொப்பளித்த பிறகே உள்ளே விட்டாள்.

இத்தனை கெடுபிடிக்கும் பிறகு, இன்று காலை கடைசி அடுக்கின் அடியில் அவரு வந்த தடம். மூட்டை மூலையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை, சுற்றிலும் கறுப்பாகப் புழுக்கை. ஊதா விளக்கை அடித்ததும் பக்கத்து ஆறு மூட்டைகளிலும் காய்ந்த மூத்திரத் திட்டுகள் பளிச்சிட்டன. ஓட்டையின் ஓரத்து நூல் பழைய அழுக்கேறியிருந்தது. அப்படியானால் நேற்று லாரியிலிருந்து இறங்கும்போதே இருந்த ஓட்டை அது. ஏழிலும் 'பார்த்தாச்சு' என்று பச்சை மையில் அவள் கையெழுத்து. நேற்று முட்டி வலி, பாவம். குனியாமலே போட்டுவிட்டாள்.

மேலாளர் ஓடி வந்தார். மாவு பிசைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

"சலிச்சுப் போட்டுடலாம்க்கா. பதினாறு வருஷமா உங்க ஏட்டுல ஒரு சிவப்புக் கோடு இல்ல. எதுக்கு வீணா கெடுத்துக்கிறீங்க?"

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. பதினாறு வருஷம் என்றால் சும்மாவா? வீட்டுக்காரரிடம் சண்டை வந்தால்கூட அந்த ஏட்டைச் சொல்லித்தான் ஜெயிப்பாள்.

"புழுக்கை சல்லடையில நிக்கும் சார். மூத்திரம் நிக்குமா?"

"யாருக்குக்கா தெரியப்போகுது?"

"திங்கிற வாய்க்குத் தெரியாது. அதுக்குத்தானே என்னை வச்சிருக்கீங்க?"

முட்டியைப் பிடித்துக்கொண்டு, நேற்றுக் குனியாத இடத்தில் குனிந்தாள். ஏழு பச்சைக் கையெழுத்துகளின் மேலும் சிவப்புச் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டாள். பிறகு ஏட்டை மேலாளரிடமே நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க சார். எலி. நேத்து வந்த சரக்குல எலி. பார்க்காம கையெழுத்துப் போட்டது நான்."

மேலாளர் எழுதி முடிக்கும் வரை நின்றாள். அப்புறம் விறுவிறுவென்று வெளிக்குழாய்க்குப் போய், மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்தாள்.