கண்ணாடிக்காரர் ஏற்றிய விளக்கு

அந்த வீட்டின் கதவைத் திறந்ததும் வரும் ஹோலில் ஒரு பல்ப் இரவுபகலாக எரிந்துகொண்டிருந்தது. நூறு வருடமாக எரிகிறது என்று வீட்டுக்கார அன்ரி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எலெக்ட்ரீசியன். பல்ப்பின் ஆயுள் எனக்குத் தெரியும். அதை விற்பவர்களின் புளுகும் தெரியும்.

டொரோன்டோவின் கிழக்கில் ஒரு பழைய செங்கல் வீடு. அன்ரியின் மகள் வாங்கியது. சுவருக்குள் ஓடும் ஆதிகாலத்து வயர்களை மாற்றாவிட்டால் இன்சூரன்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்று வாசல் பக்கத்தை மாற்றவேண்டும். கரண்டை நிறுத்தாமல் அதைச் செய்ய முடியாது. அன்ரியோ பிரேக்கர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு நகர மறுத்தார்.

“உதை நிப்பாட்டினா திரும்பி எரியுமோ தம்பி?”

“கரண்ட் போன நாளில என்ன செய்தனீங்கள்?”

“அது தன்ர பாட்டில வந்தது. இவ்வளவு நேரம் ஒருநாளும் நிண்டதில்லை.”

பிறகுதான் கதையைச் சொன்னார். வீட்டை விற்ற வெள்ளைக்காரப் பெண்மணி சாவியோடு சேர்த்துக் கொடுத்த கதை. அவருடைய பூட்டன் கண்ணாடி ஊதுகிறவர். கப்பலில் வந்து, தந்திக் கம்பங்களில் கம்பியைத் தாங்கும் கண்ணாடிக் குமிழ்களைச் செய்து விற்றவர். நகரத்துக்கு மின்சாரம் வந்ததும் பல்ப்புக்குக் கண்ணாடி ஊதத் தொடங்கி, சொந்தத் தொழிற்சாலை வைத்து, இந்த வீட்டையும் கட்டினார். ஒரே மகன் முதலாம் உலகப் போருக்குப் போனான். உடலும் வரவில்லை, சரியான தகவலும் வரவில்லை. வந்தால் கதவு தெரியட்டும் என்று, தானே ஊதிய பல்ப்பை ஹோலில் ஏற்றினார். பெரிய கம்பனிகள் தொழிற்சாலையை விழுங்கிய பிறகும், அதன் கீழே கதிரையைப் போட்டுக் கதவைப் பார்த்தபடியே இருந்து செத்துப்போனார்.

அன்ரியின் மகனை, இலங்கையில் யுத்தம் முடிந்த நாள்களில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்ரி தன் கையாலேயே ஒப்படைத்த பிள்ளை, இன்றுவரை திரும்பவில்லை. அதை அவர் சொல்லவில்லை. மகள்தான் மெதுவாகச் சொன்னாள். எனக்கு அந்த ஹோலில் நிற்கவே பயமாகிவிட்டது. அந்தச் செம்மஞ்சள் வெளிச்சத்தில் யாரோ இருந்து கதவையே பார்ப்பதுபோல முதுகு கூசியது.

ஏணியில் ஏறிப் பார்த்தேன். பல்ப்பின் அடியில், காற்றை உறிஞ்சி மூடிய இடத்தில், முள்போல ஒரு நுனி. பழைய, கையால் ஊதிய கண்ணாடிதான். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மகள் அன்ரியின் கையைப் பிடித்து விலக்கினாள். நான் பிரேக்கரை இறக்கினேன்.

வேலை முடியும்வரை அன்ரி வாசற்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் குளிரில் படியிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் கேட்கவில்லை.

பின்னேரம் கரண்டைப் போட்டேன். பல்ப்புக்குள் ஒரு சின்ன மின்னல். அவ்வளவுதான், இருட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

அன்ரி அதையே நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“அந்த மனுசன்ர பிள்ளை இனி வராது,” என்றார். “என்ர பிள்ளைக்குப் புதுசு ஒண்டு பூட்டுங்கோ தம்பி.”