ஊசிமுனை மாறிய அளவு

என் தங்கை சுமி திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அணுவை அளக்கிறாள். நான் பத்தாம் வகுப்போடு நின்று டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போனவன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

காற்றில்லாத, கடுங்குளிரான பெட்டிக்குள் ஓர் ஊசி உண்டு. அதன் முனையில் ஒரே அணு. அதை இன்னொரு அணுவின் மேல் தொடாமல் இறக்கி, இழுப்பை அளக்க வேண்டும். பிறகு அடியிலுள்ள பரப்பில் அந்த அணு இல்லாத இடத்தில் அதே முனையை இறக்கி அளக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இரண்டு அணுவும் பிணையும் விசை.

அவள் அளந்தது கட்டுரையாக வந்தபோது எங்கள் ஊர் உதியன்குளங்கரையில் நான்தான் பிளெக்ஸ் வைத்தேன்.

பிப்ரவரியில் பழைய பதிவுகளைப் பார்த்தபோது அவளுக்குத் தெரிந்தது: இரண்டு அளவுக்கும் நடுவே ஊசி பரப்பில் தட்டி, முனை மாறியிருக்கிறது. கழித்தது செல்லாது. வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னாள். "யாரும் கேட்கவில்லையே" என்றார். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு அவர் கையெழுத்து வேண்டும். மறுபடி அளக்க இயந்திரத்தை ஒதுக்குவதும் அவர்தான். மூன்று வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் சபையில் நன்மை பெற்றவர்கள் ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். அந்த ஞாயிறு, கட்டுரை வந்ததற்காகச் சுமியைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க என்னைப் பாராட்டினீங்களே, நான் அளந்த அந்தக் கணக்கு தெற்றாக்கும், தப்பு. எனக்குத் தெரிஞ்சு மூணு வாரம் ஆச்சு" என்றாள்.

பழக்கத்தில் பின்னாலிருந்து இரண்டு பேர் "ஆமென்" என்றார்கள்.

வெளியே சபை மூப்பர் விஜயதாஸ் அவளைப் பிடித்துக்கொண்டார். "மக்கா, கண்ணுக்கே தெரியாத பொருள். அதுல எவ்வளவு தெற்று வந்துரும்?"

"பாதிக்குப் பாதி வரும் மாமா."

"அப்போ மத்த பாதி சரிதானே? அத வெச்சு ஒப்பேத்து."

"எந்தப் பாதின்னு தெரியல்ல மாமா."

எனக்குக் கோபம். "சர்ச்சுல வெச்சா இதச் சொல்லுவ?"

"சாட்சின்னு எந்திச்சு நின்னுட்டு பின்ன எதச் சொல்ல அண்ணா?"

அன்று மதியமே கட்டுரை வெளியான ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஐந்து மாதமாகிறது. கையெழுத்தும் இல்லை, இயந்திரமும் இல்லை. உதவித்தொகை டிசம்பரில் முடியும். விட்டு வந்தால் ஆறு வருடம் வீண். தினமும் காலை ரயிலில் போய், இயந்திரத்தைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.

அவளோடு பேசாத அந்தப் பேராசிரியர், மற்ற மாணவர்களின் பதிவுகளைச் சரிபார்க்க அவள் மேசைக்குத்தான் அனுப்புகிறார். அவளும் வரி விடாமல் பார்த்துக் கொடுக்கிறாள்.