சங்கையாவும் ஆய்வுக்கூடத்து எலும்புக்கூடும்

சங்கையா யாரையும் நம்பமாட்டார். பூட்டைப் பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில், விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் அட்டெண்டர். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மனித எலும்புக்கூடு நின்றது. பெட்டியைத் துடைப்பாரே தவிர, கூட்டை ஒருநாளும் விரலால் தொட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மழை சுத்தமாகக் கைவிட்டது. கல்லூரிக் கிணறு வற்றியதும் விடுதியைப் பூட்டிப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். வளாகத்து வேப்பமரங்களே கருகின. மழை பெய்யாவிட்டால் நம் ஆட்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டைத்தான் பார்ப்பார்கள். எரிக்க வேண்டிய பிணத்தை எவனோ புதைத்துவிட்டான், அதுதான் மழையைத் தடுக்கிறது என்று தேடித் தோண்டி எரிப்பது, கல்லூரிக்குப் பின்னால் இருந்த சங்கையாவின் ஊர் வழக்கம். அந்த முறை தோண்டியும் பலனில்லை. சந்தேகம் கல்லூரி மதிலைத் தாண்டியது.

அடிபம்பில் வரிசையாக இருந்த குடங்களில், சங்கையாவின் மனைவி பாலம்மாளின் குடத்தை மட்டும் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

"ஏட்டி, ஒம் புருசன் செத்தவனக் கண்ணாடியில வச்சுக் காவல் காக்கான். பொறவு மழை எப்படிட்டி வரும்?" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற சுடலைமாடத்தி.

எதிர்த்துப் பேசத் தெரியாத பாலம்மாள் வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்து அழுதாள். சுடலைமாடத்தி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

சங்கையா விலங்கியல் ஆசிரியை கிருபாபாயிடம் போனார்.

"மேடம், அதக் குடுத்திருங்க. எரிச்சாத்தான் எங்களுக்குத் தண்ணி."

"அது பிளாஸ்டிக் பொம்மை, சங்கையா. மலையில மரத்த வெட்டி வெட்டிக் காலமே கெட்டுப்போச்சு. அதுக்கு இது என்ன செய்யும்?"

படித்தவர்கள் இப்படித்தான் மழுப்புவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. வேலை போனாலும் போகட்டும், பாலம்மாளுக்குத் தண்ணீர் கிடைத்தால் போதும். மறுநாள் மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து, கூட்டைப் பழைய வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனார். செத்துக் காய்ந்தவன் இவ்வளவுதான் கனப்பான் போல என்று நினைத்துக்கொண்டார்.

ஊரே கூடியது. தீ வைத்ததும் எலும்பு எரியவில்லை, உருகியது. பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம், கரும்புகை. மண்டையோடு ஒழுகிச் சப்பையாகிப் போனது.

"ஏலே, ஊரையே ஏமாத்துதியா? அசல எங்கலே ஒளிச்ச?" என்று ஊர்ப் பெரியதலை வேல்சாமி அவர் சட்டையைப் பிடித்தார்.

அந்த வாரமே மழை வந்தது. வந்தது என்றா சொல்வது? இத்தனை வருடம் பெய்யாததையெல்லாம் சேர்த்துக் கொட்டியது. கண்மாய் உடைந்து, ஆய்வுக்கூடத்துக்குள் மேசை உயரத்துக்குத் தண்ணீர். ஊரில் மண்சுவர்கள் கரைந்தன. எல்லோரும் தப்பி ஏறியது அதே கல்லூரி மாடியில்தான். அங்கேயும் வாய் ஓயவில்லை. போலியை எரித்ததால்தான் மழை முறைகெட்டுப் பெய்கிறதாம்.

சங்கையாவுக்கு அதற்குள் வேலை போயிருந்தது. பாலம்மாள் உயிரோடு பக்கத்தில் இருக்கிறாளே, அது போதும் என்று மூலையில் குந்தியிருந்தார். ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தவள் நகர்ந்து வந்து அவரை ஒட்டி உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதோரம் குனிந்தாள்.

"எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லுங்க. அசல எங்க வச்சிருக்கீய?"