குதிக்கச் சொன்ன சாயங்காலம்

அன்று கடையில் இருந்தவர்கள்: கர்னல். அவர் காரை ஓட்டி வந்த டிரைவர். கடைக்காரன், என்னோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன். அவன் மனைவி. காலேஜ் படிக்கும் அவன் மகள். பிறகு நான்.

கடை தொப்பூரில், கணவாய் இறக்கம் முடிகிற இடத்தில் இருக்கிறது. லாரிகள் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கி வரும். எரிந்த வாடை சாம்பார் வாடையோடு சேர்ந்து வரும். கடைக்காரனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. இப்போது இருப்பது மாட்டுகிற கால். சொந்தக் கால் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் காஷ்மீரில் போனது. அந்த இடத்தில் நடந்திருக்க வேண்டியவன் நான்.

கர்னல் அப்போது கேப்டன். வடக்கத்திக்காரர். எங்களோடு இருந்து தமிழ் கற்றுக்கொண்டார். எங்களோடு என்ன, இந்தக் கடைக்காரனோடுதான். வீட்டை வூடு என்பார். ரிட்டையர் ஆகி பெங்களூரில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகும்போது இந்தக் கடையில் இறங்குவார். இவன் எனக்குப் போன் போடுவான். நான் இண்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். என் வீடு எங்கே என்று அவர் ஒரு தடவையும் கேட்டதில்லை.

இந்த வருஷம் மகள் குடும்பம் வெளிநாடு போகிறது. இனி இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்று போனேன். அவரிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருந்தது.

காஷ்மீரில் அந்தச் சாயங்காலம் மலையில் பேட்ரோல், ராத்திரி ரோந்துக்குக் கிளம்பினோம். போகிறவர்கள் வரிசையில் நின்று குதிக்க வேண்டும். உடம்பில் எது ஆடினாலும், எது உரசினாலும் மலையில் கேட்கும். கேப்டன் பக்கத்தில் வந்து காது கொடுத்துக் கேட்பார். வரிசையில் நான் மூன்றாவது ஆள். எங்கள் பக்கத்து ஆம்பளைகள் பெட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில்தான் கட்டுவோம். என் கயிற்றில் சாவியும் இருந்தது, தீர்த்தமலையில் அம்மா மந்திரித்துக் கட்டிய தாயத்தும் இருந்தது. அவிழ்த்து வைக்க மறந்துவிட்டேன். குதித்தேன். இரண்டும் இடித்துக்கொண்டு கிணுக் என்றன.

எனக்குப் பின்னால் நின்றவனுக்குத் தோட்டாப் பெட்டி சத்தம் போட்டது. அவனிடம் துணியைச் சுற்றச் சொன்னார். நானும் துணியைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு, "நீ இரு" என்றார். கூடாரத்துப் பக்கம் திரும்பி, இப்போது கடை வைத்திருக்கிற இவனைக் கூப்பிட்டார். இவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டே ஓடி வந்தான்.

மறுநாள் காலையில் நான் சென்ட்ரி, வாசலில் காவல். அவர்கள் திரும்பி வந்தார்கள். கேப்டன் இவனைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓடையைத் தாண்டும்போது கண்ணிவெடி. மற்றவர்கள் மாற்றித் தூக்குகிறோம் என்று கேட்டும் கொடுக்கவில்லையாம். என்னைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்க்கவில்லை. அந்த ரத்தச் சட்டையைத் துவைக்கக் கொடுக்காமல் தானே தண்ணீர்த் தொட்டியில் துவைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

துணி சுற்றினால் தீர்ந்துபோகிற சத்தம். அதற்காக நிறுத்தினாரா, இல்லை என் முகத்தில் பயத்தைப் பார்த்து நிறுத்தினாரா. பயம் இருந்தது. எல்லாருக்கும் இருந்தது. இருபத்தைந்து வருஷமாக இதுதான் கேள்வி.

இந்த வருஷம் நான் கடைக்குள் போனதும் இவன் ஆரம்பித்தான். "என்ன மச்சான், சட்டைக்கு இஸ்திரிப் பொட்டி போட்டு வந்திருக்கற. கர்னல் சாப் உன்னப் பொண்ணு பாக்கவா வராரு?"

"வந்ததும் வாய வெக்காதீங்க. வாங்கண்ணா, உக்காருங்க" என்றாள் அவன் மனைவி.

கர்னல் வந்தார். முடி எல்லாம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நேராக இவனிடம் போய், மாட்டுகிற காலைக் கதவைத் தட்டுவது போல விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். வருஷா வருஷம் செய்வதுதான்.

"உள்ள யாரு?" என்றார்.

"வூட்ல யாரும் இல்லீங்க சாப்" என்றான் இவன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் என் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

அவருக்குக் களியும் கீரைக் குழம்பும் வைத்தார்கள். மெல்லாமல் விழுங்கினார். "இவன்தான் களி திங்கக் கத்துக் குடுத்தான்" என்று டிரைவரிடம் சொன்னார். அன்றைக்கு மலை முகாமில் கிண்டிய மாவு எங்கள் வீட்டுப் பார்சலில் வந்த மாவு. கிண்டியவனும் நான். தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தவன் இவன்.

மகள் போனை நிமிர்த்திப் பிடித்தாள். "அங்கிள், அப்பா கதையச் சொல்லுங்க. வீடியோ எடுத்து வெச்சிக்கறேன்."

கர்னல் கையைக் கழுவிவிட்டுச் சொன்னார். ஓடை, பனி, சத்தம் எல்லாம் வந்தது. "தூக்கிட்டு வர்றப்போ உங்க அப்பா கேட்டான், சாப் என் பூட்ஸ் எங்கன்னு. நான் பதில் சொல்லலம்மா. இப்பவும் கேக்கற மாதிரி இருக்குது." டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார், "பதினோரு பேரக் கூட்டிட்டுப் போனேன். பதினோரு பேரையும் உசுரோட கூட்டிட்டு வந்தேன்."

நான் எழுந்து நின்றேன். அவர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை.

"கெளம்பறதுக்கு முன்ன குதிக்கச் சொன்னீங்க சாப்."

"ஆமா. எப்பவும் குதிக்கச் சொல்வேன்."

"அன்னிக்கு ஒருத்தன நிறுத்துனீங்க."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "நிறுத்தினேனா? யார?"

இவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"இல்லையே" என்றார் கர்னல். "எனக்கு அந்தப் பதினோரு பேரும் வரிசையா ஞாபகம் இருக்கு." விரலை மடக்கி மடக்கிப் பெயர்களைச் சொன்னார். மூன்றாவது விரலில் இவன் பெயர் வந்தது. பதினொன்றையும் தப்பில்லாமல் சொன்னார்.

"சரிங்க சாப்" என்று உட்கார்ந்தேன்.

போகும்போது அவர் இவனைக் கட்டிப்பிடித்தார். எனக்குக் கை கொடுத்தார். கார் சேலம் பக்கம் போய் லாரிகளுக்கு நடுவே மறைந்தது.

இவன் காலைக் கழற்றிப் பெஞ்சு மேல் வைத்தான். துண்டால் முழங்காலைத் துடைத்துக்கொண்டான்.

"ஏன் மச்சான், நீதான்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவருக்குத் தெரியல."

"ஒஞ் சாவி சத்தம் போட்டுச்சு, எங் காலு போச்சு. இதுல மூஞ்சத் தூக்க வேண்டியவன் நானு. ரெண்டு காலோட நின்னுக்கிட்டு என்னப் பாத்து வயிறு எரியறவன் நாட்டுலயே நீ ஒருத்தன்தான்."

அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சொன்னது சரிதான். பெஞ்சு மேல் கிடந்த அந்தக் காலைப் பார்த்தேன். தட்டித் தட்டி ஒரு இடத்தில் பெயின்ட் போயிருந்தது. அந்த இடத்தைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

மகள் போனில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கேட்டாள்.

"மாமா, அந்த நிறுத்துன ஆளு நீங்களா?"

"ஆமா."

"அப்ப போனவங்க பதினோரு பேர். குதிச்சவங்க எத்தன பேரு?"

வரிசையை மனதில் நிறுத்திப் பார்த்தேன். முன்னால் இரண்டு ஆள். பிறகு நான். எனக்குப் பின்னால் எட்டு. கூடாரத்திலிருந்து ஓடி வந்து, என் இடத்தில் நின்று, கடைசியாகக் குதித்தவன் அவள் அப்பா.

பன்னிரண்டு.