ஒரு சொல்லுக்காக நின்ற கடிதம்

ஆங்கிலத்தில் எந்தப் பெயரடையின் வாலிலும் ஒரு 'னஸ்' ஒட்டிவிட்டால் அது பெயர்ச்சொல்லாகிவிடும் என்று இருபது வயது வரை நம்பியவன் நான். கைண்ட் என்றால் கைண்ட்னஸ், டார்க் என்றால் டார்க்னஸ். இம்புட்டுச் சுலபமான பாஷையை வைத்துக்கொண்டா வெள்ளைக்காரன் நம்மை மிரட்டினான் என்று அவன்மேல் இரக்கம்கூட வந்ததுண்டு.

அந்தத் தைரியத்தில்தான் அக்காவுக்கு விண்ணப்பம் எழுதினேன். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுத்தார்கள். அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிந்துவிடும். கடிதம் போய்ச் சேரப் பத்து நாள் அவகாசம் இருந்தது. எங்கள் ஏழ்மையைச் சொல்லும் இடத்தில் 'புவர்னஸ்' என்று அழுத்தி எழுதி, உறையில் போட்டேன்.

மறுநாள், நான் எழுத்தராக இருந்த புகையிலைக் கிட்டங்கியில், பொட்டலம் மடிக்கும் பழைய ஆங்கிலப் பேப்பரில் 'ஸ்ட்ரெங்த்' என்ற சொல் கண்ணில் பட்டது. ஸ்ட்ராங் என்பதன் பெயர்ச்சொல் அது. அப்படியானால் என் 'னஸ்' எங்கே? ஹானஸ்ட் ஹானஸ்டி ஆகிறது, லாங் லெங்த் ஆகிறது. புவர் என்ன ஆகும்? 'பாவர்ட்டி' என்று எங்கோ கேட்ட ஞாபகம். சத்தியம் செய்யத் துணிவில்லை.

எங்கள் தெருவில், பி.ஏ. படித்த ஒருவர் கண்ணில் படாமல் எந்த ஆங்கிலக் கடிதமும் தபால் பெட்டியில் விழாது. தெருவுக்கு இருந்த ஒரே பி.ஏ., எதிர்வீட்டு ஹைஸ்கூல் வாத்தியார். கோடை விடுமுறைக்கு மாமனாரின் மாந்தோப்பைப் பார்க்க நத்தம் போயிருந்தார். காத்திருந்தேன்.

"ஏலே, போட்டுட்டியா?" என்று அக்கா தினமும் கேட்டாள்.

"ஒரே ஒரு சொல்லுதான்க்கா பாக்கி."

"அப்படி என்ன சொல்லு?"

"நாம ஏழைங்கிறதைச் சொல்றது."

"அதுக்கு எதுக்குலே சொல்லு? நம்ம கூரையப் பாத்தாலே தெரியுமே."

"கூரையை உறைக்குள்ள வைக்க முடியாதுக்கா."

சிரித்துவிட்டுப் போனாள். சிரிக்க வைத்ததில் எனக்குப் பெருமை வேறு.

வாத்தியார் பன்னிரண்டாம் நாள் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே உறையை நீட்டினேன். நின்றபடி படித்தார்.

"பாவர்ட்டின்னா இன்னும் நல்லாருக்கும். ஆனா இதுவும் புரியும் அப்பு. இதை ஏன் இன்னும் கையில வச்சிருக்க?"

அன்றே திருத்தாமல் போட்டேன். பதில் ஆங்கிலத்தில் வந்தது, நாலே வரி. அகராதி தேவைப்படவில்லை. விண்ணப்பம் தாமதமாக வந்ததாகவும் இடங்கள் நிரம்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அக்காவிடம் நான்தான் படித்துச் சொன்னேன். "எந்தச் சொல்லு போட்ட கடைசியில?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா நர்ஸ் ஆகவில்லை. தை மாதம் தாடிக்கொம்பில் கட்டிக்கொடுத்தார்கள். கடிதம் பன்னிரண்டு நாள் என் சட்டைப் பையில் இருந்தது.