படகுக்குப் போன லாரி பேட்டரி

கோவில்பட்டியில் பேட்டரி வாங்கிய அன்று கடையில் அப்பா இருந்தார், அத்தை இருந்தாள், பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்த நான் இருந்தேன். யாருடைய படகுக்கு அது போகிறதோ, அந்த மாமா மட்டும் இல்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர் ஒன்றில் அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா சொந்தமாகப் பைபர் படகு வாங்கியதும், பிறந்த வீட்டுச் சீர் என்ன என்று பேச்சு வந்தது. பேட்டரி எங்களுடையது என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் லாரி செட்டில் லோடுமேன். பனிக்கால விடியலில் லோடு லாரியை ஒரே உறுமலில் எழுப்பிவிடும் பேட்டரியைவிடப் பெரிய பொருள் அவர் அறிந்த உலகத்தில் கிடையாது.

“எந்த வண்டிக்கு அண்ணாச்சி?” என்றார் கடைக்காரர்.

படகுக்கு என்று சொல்ல அப்பாவுக்கு என்னவோ கூச்சம். “லாரிக்குப் போடுறதையே குடுங்க.”

“ராப்பூரா லைட்டு எரியணும்ண்ணே” என்று அத்தை இழுத்தாள்.

“ஏட்டி, லாரியையே கெளப்புது. ஒன் லைட்ட எரிக்காதா?”

இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. கடலில் விளக்கு மங்கி அணைந்து, ஜிபிஎஸ்ஸும் செத்துப்போய், எதிரே வந்த விசைப்படகு இடிக்காமல் விலகியது பெரிய பாடு. மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவருடைய அம்மாதான் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்: “தண்ணியே பாக்காத ஊர்க்காரவிய குடுத்த சீருல்லா, தண்ணியக் கண்டதும் பயந்து அணைஞ்சு போச்சு.” தெருக்குழாய்க்குப் போகவே கூசுகிறது என்று அத்தை போனில் அழுதாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கடைக்காரர் மேல் பழியைப் போடுவார் என்று நினைத்தேன். அவரோ அத்தை வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“மாப்ள, எங்கூர்ல கடல் கெடையாது. தெரியாம தப்பா வாங்கிட்டேன். எது வேணும்னு சொல்லுங்க, அதையே வாங்குவோம்.”

“லாரி பேட்டரி ஒரே தம்முல கரண்டத் தள்ளி இஞ்சினக் கெளப்பும் மச்சான். அப்புறம் ஓடுற வண்டியே அதுக்கு சார்ஜ் ஏத்திரும். நம்ம படகுல இஞ்சினக் கையாலதான் கெளப்புதோம். ராத்திரி முழுக்கக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கணும், அடிமட்டத்துக்கு எறங்கினாலும் மறுநா ஏறணும். இன்வெர்ட்டருக்கு வைக்கிற சாதி.”

“இன்னொருக்கச் சொல்லுங்க” என்றார் அப்பா. எனக்கு முகம் எரிந்தது. தெருவெல்லாம் சிரித்த அந்த அம்மாள் எழுந்து போய், சீலா மீனின் நடுத்துண்டை எடுத்து வந்து அப்பா தட்டில் வைத்தாள். “சாப்பிடுங்க தம்பி.” அடுப்படி வாசலில் அத்தை நிமிர்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நம் மானம் போகிற நேரத்தில் இவளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம்.

மறுநாள் மாமாவே கடைக்கு வந்து, பார்த்துத் தேர்ந்தெடுத்தார்; பணம் அப்பா கொடுத்தார். அந்த வீட்டில் அத்தை தலைநிமிர்ந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்பது பிடிபடாமல், அப்பா தோற்றதற்குக் கட்டிய அபராதம் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்த தொகை, பழைய பேட்டரிக்குக் கழித்தது போக, பதினோராயிரத்து நானூறு ரூபாய்.