ஒரே காரில் போகப்போகும் இரண்டு ஆம்பூர் எதிரிகள்

ஐநா சபையாலும் ஆகாதது இன்று ஆம்பூரில் நடந்தது!

நம்ம தோஸ்த் சலீம் பாய் குரோமியம் சேர்க்காமல் புது முறையில் தோல் பதப்படுத்தியிருக்கிறார். மடித்தால் விரிசல் விடுகிறது. சரியாகாவிட்டால் ஷூ கம்பெனி ஆர்டர் போய்விடும்.

இன்று தோல் தொழிற்சாலை முதலாளிகள் கூட்டம். அரசு ஆய்வுக்கூட மேடம் வந்திருந்தார். அவரிடம் பாய் ரகசியமாக ஒரு துண்டை நீட்டினார்.

பக்கத்தில் ஜென்மப் போட்டியாளர் தனபால். ஆம்பூர்க்காரர் கை சும்மா இருக்குமா? பிடுங்கி மடித்து மோந்தே பார்த்துவிட்டார்.

“எண்ணெய் கம்மி பாய். எனக்கும் இப்படியே வெடிச்சு பேஜாராயிடுச்சு.”

“இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா தனபாலு?”

“நீ எங்க காட்டின?”

மேடம் சிரித்தார். “எங்க லேப்ல தோல் பதப்படுத்துற சின்ன டிரம் இருக்கு. ரெண்டு பேரும் சேந்து வாங்க, எண்ணெய கூட்டிப் போட்டுப் பாத்துடலாம்.”

திங்கட்கிழமை ஒரே காரில் பயணம். யார் கார் என்பதில்தான் மூன்றாம் உலகப்போர் மூண்டிருக்கிறது.

நடுநிலையான கார் வைத்திருப்பவர்கள் கமெண்டில் வரவும்.